சுழற்கிண்ணம் சுழல வேண்டும்



நம் தோட்டங்களில் நடந்த காற்பந்துப் போட்டிகளில் 'அமரர் இன்னார் நினைவுச் சுழற்கிண்ணம்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கைத்தட்டுவோம். அந்த அமரர் யார் என்று எத்தனை பேர் விசாரித்திருப்போம்?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் கிரிக்கெட் போட்டிக்கு ரோகிண்டன் பாரியா கிண்ணம் என்று பெயர். ரோகிண்டன் பெரிய ஆட்டக்காரர் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. பம்பாயைச் சேர்ந்த அர்தேஷிர் பாரியா என்ற தந்தை, தம் மகனின் நினைவாகக் கொடுத்த கிண்ணம் அது. போட்டி 1935-இல் தொடங்கியது.

ஒரு தந்தையின் துயரம் எத்தனை பிள்ளைகளுக்கு ஏணியானது பாருங்கள்! பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக அஜித் வடேகர் ஒரே ஆட்டத்தில் 324 ஓட்டங்கள் குவித்தார். அதே பல்கலைக்கழக மாணவர் சுனில் கவாஸ்கர் பின்னர் 327 எடுத்து அதை முறியடித்தார். 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்திய அணிக்கு வடேகர் தலைவர்; கவாஸ்கர் புதுமுகம். கவாஸ்கர் அத்தொடரில் 774 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா அங்கே முதன்முறையாகத் தொடரை வென்றது.

அயர்லாந்திலும் இப்படி ஒன்று உண்டு. மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் அவர்களின் பாரம்பரிய விளையாட்டு. கார்க் நகரக் கல்லூரியில் தத்துவம் போதித்த பாதிரியார் எட்வின் ஃபிட்ஸ்கிப்பன் 1912-இல் வழங்கிய கிண்ணத்துக்காக அந்நாட்டு மாணவர்கள் இன்றும் மோதுகிறார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் அவர் பெயர் மைதானத்தில் ஒலிக்கிறது.

இவ்விரு கிண்ணங்களும் வெள்ளியின் மதிப்பால் நிலைக்கவில்லை. போட்டி தொடர்ந்ததால் நிலைத்தன.

நம் நிலை என்ன? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் புலாவ் செபாங், அலோர் காஜா, தம்பின் என்று பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். அணி கலைந்தது. கிண்ணம் மட்டும் யார் வீட்டு அலமாரியிலோ கறுத்துக் கிடக்கிறது.

அதைத் தேடி எடுங்கள். அது யார் நினைவாக வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். வென்ற அணியின் பெயரையும் ஆண்டையும் அடியில் பொறியுங்கள். நான்கு அணிகள் போதும், மீண்டும் ஓர் ஆட்டம் நடத்துங்கள்.

கொடுத்தவர் நம்மை நம்பித்தான் கொடுத்தார். சுழற்கிண்ணம் என்று பெயர் வைத்தால் அது சுழல வேண்டாமா?