தவளைத் தோலிலிருந்து ஒரு மருந்து



1980களில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லோஃப் என்ற மருத்துவர் ஆப்பிரிக்க நகத் தவளைகளை வைத்து ஆய்வு செய்துவந்தார். வயிற்றைக் கீறி, தையல் போட்டு, மறுபடியும் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரில் கிருமிகள் மலிந்திருந்தும் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. காரணம் தேடியவர், தவளைத் தோலில் கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளைக் கண்டறிந்து 1987இல் அறிவித்தார். மகைனின் என்று அவற்றுக்குப் பெயர்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி. நம் தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் வெள்ளணுக்களிலும் இப்படிக் கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகள் உண்டு. அவற்றுள் ஒன்று, 37 அமினோ அமிலங்கள் கொண்ட எல்எல்-37.

இது நேர்மின்னேற்றம் உடையது. பாக்டீரியாவின் மேற்புறம் எதிர்மின்னேற்றம் உடையது. அதனால் பெப்டைடு அங்கே போய் ஒட்டி, சவ்வைத் துளைக்கிறது. உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த ஈர்ப்பு குறைவு. கொலஸ்ட்ராலும் சவ்வைக் காக்கிறது.

அதோடு வேலை முடிவதில்லை. செத்த பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து கழலும் நச்சுப்பொருள் உடம்பில் கடும் அழற்சியைக் கிளப்பும். காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகும். எல்எல்-37 அந்த நச்சைப் பற்றிக்கொண்டு அதன் வேகத்தை அடக்குகிறது. கிருமியைக் கொல்வதும் அழற்சியைத் தணிப்பதும் ஒரே மூலக்கூறின் பணி என்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

ஆனால் அளவு முக்கியம். கரப்பான் நோயில் இது போதிய அளவு சுரப்பதில்லை; தோலில் கிருமி எளிதில் பெருகுகிறது. சொரியாசிஸில் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, நம் டிஎன்ஏவோடு சேர்ந்து அழற்சியைத் தூண்டிவிடுகிறது.

இனி மருந்துகளுக்கு வருவோம். பாக்டீரியாக்களிடமிருந்து கிடைத்த கொலிஸ்டின், டாப்டோமைசின் போன்ற பெப்டைடு வகை மருந்துகள் மருத்துவமனைகளில் ஏற்கெனவே உயிர் காக்கின்றன. மகைனினை ஒட்டி நீரிழிவுக் கால்புண்ணுக்குச் செய்த களிம்புக்கோ 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கவில்லை. உடம்பின் நொதிகள் பெப்டைடுகளைச் சீக்கிரம் சிதைத்துவிடும். தயாரிப்புச் செலவும் அதிகம். ஆகவே புதிய மருந்துகள் வர நாளாகும்.

அதுவரை, கையில் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமிகள் பழகிவிடாமல் அவற்றின் வீரியத்தைக் காப்பது நம் கடமை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை வாங்காதீர்கள். மீந்த மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவிலேயே, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.