நாக்கு குழறினால் கடிகாரத்தைப் பாருங்கள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கிராம சுகாதாரச் செவிலியர் ஆற்றிய உரை)

எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

வாய் கோணினா, ஒரு பக்கம் கை கால் விழுந்தா பக்கவாதம்னு நமக்குத் தெரியும். கை கால் விழாமலே வர்ற பக்கவாதமும் இருக்கு. பின்மண்டையில் உள்ள சிறுமூளைதான் நம்ம நடையையும், கையின் நிதானத்தையும், பேச்சின் தெளிவையும் சீராக வைக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் அடைபட்டால் திடீர்னு தலை சுத்தும், வாந்தி வரும், கால் தள்ளாடும், நாக்கு குழறும். கையில் பலம் இருக்கும். ஆனா சோத்தை எடுத்தா வாய்க்குப் போகாம கன்னத்துல இடிக்கும். பொம்பளைக்கு வந்தா "பித்தம்" என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பாங்க. ஆம்பளைக்கு வந்தா "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று திண்ணையிலேயே விட்டுடுவாங்க. தினம் குடிக்கிறவர்மேல் கோபம் வர்றது நியாயம்தான். ஆனாலும் கிட்டப் போய்ப் பாருங்க.

சந்தேகம் வந்த உடனே 108. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்னு குறிச்சுக்குங்க, டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போதே குழறினால், நல்லபடியாகப் படுத்த நேரம்தான் கணக்கு. அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதனால் நீங்களா ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீங்க. தண்ணி, காபியும் வேண்டாம், விழுங்க முடியாம மூச்சுக்குழாய்க்குள் போயிடும். புறா ரத்தம் தேய்க்கிறோம்னு நேரத்தை வீணாக்காதீங்க. கால் மணியில் சரியாயிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்; பெரிசா ஒண்ணு பின்னாடி வரலாம்.

இன்னொண்ணு. நாக்கு குழறுகிறவருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கலாம். அவர் காதுபட "இனி அவ்வளவுதான்"னு பேசாதீங்க.

இதுக்கெல்லாம் பெரிய காரணம் ரத்தக் கொதிப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வந்து பி.பி. பார்க்கும் பெண்கள் நம்ம மகளிர் குழுக்களிலிருந்து போனவங்கதான். அவங்க கொடுக்கிற மாத்திரையை "அளவு சரியாயிடுச்சு"ன்னு நிறுத்திடறீங்க. அளவு சரியா இருக்கிறதே அந்த மாத்திரையாலதான்!

வாசல் பக்கம் மேசை போட்டிருக்கோம். பி.பி. பார்த்துட்டு அப்புறம் சாப்பிடப் போங்க.