மானாமதுரைக் கடம்

மண்பாண்டம் உடைந்தாலும் ஓடு மக்காது. கொச்சிக்கு வடக்கே, பரவூர்ப் பக்கத்துப் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகளின் உடைசல்களும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அதுவே சங்ககால முசிறி என்பார் பலர், மறுப்போரும் உண்டு. எப்படியானாலும், கொச்சி வல்லார்பாடத்தில் 2011-இல் கண்டெய்னர் முனையம் திறப்பதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே இந்தக் கரையில் சரக்கு இறங்கியிருக்கிறது.

கைவினைப் பானைத் தொழில் இன்றும் உயிரோடிருக்கும் ஊர்களில் ஒன்று வைகைக் கரையிலுள்ள மானாமதுரை. அவ்வூர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டி, பானை, அகல், அடுப்பு எல்லாம் அங்கே உண்டு. கச்சேரி மேடைக்கு ஊர்ப்பெயரைக் கொண்டுபோனது கடம்.

கண்மாய்க் களிமண்ணை ஊறவைத்து, நைஸ் மணல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்குவார்கள். சிறு கல் தங்கினாலும் சூளையில் விரிசல் விடும். சக்கரத்தில் எழுவது வாயும் கழுத்தும் தடித்த சுவரும்தான். அடி திறந்தே இருக்கும். மண் சற்று இறுகியதும் ஒரு கை உள்ளே கல்லைப் பிடிக்க, மறு கை வெளியே மரப்பலகையால் தட்டும். தட்டத் தட்ட அடி மூடும், சுவர் ஒரே கனத்துக்கு வரும். சமையல் பானைக்கும் இதே முறைதான். கடத்துக்குத் தட்டு ஆயிரக்கணக்கில். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்குவதால், வரப்போகும் சுருதியை ஈரமண்ணிலேயே கணித்தாக வேண்டும். மிருதங்கத்தின் வாரை இறுக்கிச் சுருதி கூட்டலாம். கடத்துக்கு அந்த வசதி இல்லை. வித்வான்கள் ஒன்றுக்கு நாலாகக் கடம் வைத்திருப்பது அதனால்தான். சென்னைக் கடத்தைவிட மானாமதுரைக் கடம் கனம். வாசிக்க விரலில் பலம் வேண்டும். கட வித்வான் விக்கு விநாயக்ராம் பங்கேற்ற 'பிளானட் டிரம்' இசைத்தொகுப்பு (1991) கிராமி விருது பெற்றது.

மேடையை விட்டு வீட்டுக்கு வந்தால், கொச்சித் தமிழர் சமையலறையில் இன்னும் தாக்குப்பிடிப்பது மீன்சட்டி. குடம்புளிக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது என்பது அக்கம்பக்கத்து மலையாளிகள் சொல்லித் தெரிந்ததாகவும் இருக்கலாம். புதுச்சட்டி பழக்கும் வித்தையோ பெற்றோர் தலைமுறையோடு நிற்கிறது. குக்கரில் பொங்கல் வைக்கும் வீட்டில், "பொங்கிடுச்சா?" என்று கேட்டால் பிள்ளை விசிலை எண்ணித்தான் சொல்லும், குற்றம் பிள்ளைமேல் இல்லை.

மானாமதுரையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பானையும் காயாது, சூளையும் மூட்ட முடியாது. ஆகவே கார்த்திகை அகலையும் தைப் பொங்கல் பானையையும் முடிந்தவரை வெயில் மாதங்களிலேயே செய்து அடுக்கிவிடுகிறார்கள்.