குடல் தசை ஏன் கைத்தசை ஆகவில்லை?

ஒன்பதாம் வகுப்பில் திசுக்கள் பாடத்தை மூவகைத் தசைகளுக்கு ஓர் அட்டவணை போட்டு முடித்துவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் பிள்ளைகள் விடுவதில்லை. "எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. தானே சார், குடல் தசை மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்கிறார்கள். அட்டவணையில் இதற்குப் பதில் இல்லை.

மென்தசையைச் சுருங்கவைக்கும் புரதங்களுக்கான ஜீன்கள் பலவற்றில் பத்து எழுத்துக் குறி ஒன்று இருக்கிறது: இரண்டு சி, நடுவே ஏ அல்லது டி ஆக ஆறு, கடைசியில் இரண்டு ஜி. எஸ்.ஆர்.எஃப். என்னும் புரதம் அங்கே போய் அமரும். வேடிக்கை என்னவென்றால், செல் பெருகுவதற்கான ஜீன்களையும் இயக்குவது இதே புரதம்தான். எல்லாம் கூட வரும் துணையைப் பொறுத்தது. எல்க்-1 வந்தால் பெருக்கம்; மயோகார்டின் வந்தால் சுருக்கம். மயோகார்டினை 2001-இல் கண்டறிந்தது டல்லஸ் நகரில் எரிக் ஓல்சனின் ஆய்வகம். அது இல்லாத சுண்டெலிக் கருவில் இரத்தக்குழாய்க்கு மென்தசை உருவாகவில்லை, கருவும் பிழைக்கவில்லை. கைத்தசைக்கோ மயோடி போன்ற வேறு புரதங்கள்.

கைத்தசைச் செல் முதிர்ந்தால் முதிர்ந்ததுதான். மென்தசைச் செல் அப்படியல்ல. இரத்தக்குழாயில் காயம் பட்டால், சுருங்கும் வேலையை விட்டுவிட்டு மறுபடி பெருகத் தொடங்கும். தமனிச் சுவர் தடிப்பதில் இதற்கும் பங்குண்டு. மாரடைப்பு பற்றி நடத்தும்போது கொழுப்போடு நிறுத்தாமல் இதையும் சொல்லிப் பாருங்கள்; கேள்விகள் வரும்.