கையில் போன், பையில் பாஸ்போர்ட்: வெளிநாடு கிளம்பும் முன்பு ஒரு பேச்சு

(தண்டையார்பேட்டையில் நடந்த பொதுமக்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பின்னால நிக்கிறவங்க முன்னால வாங்க, நாற்காலி இருக்கு.

'சர்வதேச சுற்றுலா' என்று தலைப்பைப் பார்த்ததும், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். "இங்க கன்டெய்னர் லாரி உண்டு, எண்ணெய் டேங்கர் உண்டு. டூரிஸ்ட் எங்க சார் இருக்கான்?" என்று ஒரு அண்ணன் வாசலிலேயே கேட்டுவிட்டார். டூரிஸ்ட் வேற யாரும் இல்லைங்க, நீங்கதான்.

கணக்கைப் பாருங்கள். கொரோனாவுக்கு முன்பு, 2019இல், நம் நாட்டிலிருந்து வெளிநாடு போனவர்கள் சுமார் 2 கோடியே 69 லட்சம் பேர். 2024இல் அது 3 கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து இங்கே வந்தவர்கள் 2019இல் 1 கோடியே 9 லட்சம். 2024இல் இன்னும் 1 கோடியைத் தொடவில்லை, 99 லட்சத்து சொச்சம்தான். உலக அளவிலும் 2024இல் ஏறத்தாழ 140 கோடி பேர் எல்லை தாண்டிப் பயணம் செய்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட பழைய அளவு வந்தாச்சு என்கிறது ஐ.நா. சுற்றுலா அமைப்பு. 2020இல் இந்த எண்ணிக்கை முக்கால் பங்குக்கு அருகில் விழுந்து கிடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு வெளிநாடு என்றால் துறைமுகம்தான். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜுலா' கப்பல் போனதை நினைவு வைத்திருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அதற்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. பல வருஷம் கழித்து 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியது; 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு பயணிகள் கப்பல் ஆரம்பித்தது. சில நாளிலேயே அது நின்றாலும், 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள்.

ஆனால் இன்று நமக்குத் துறைமுகத்தை விட முக்கியமான வாசல் மெட்ரோதான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை பாதை நீண்ட பிறகு, தண்டையார்பேட்டையில் நீல வழித்தட ரயிலில் ஏறி உட்கார்ந்தால், இடையில் மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் பேரம் பேசிய காலம் போச்சு.

அடுத்த மாற்றம், விசா. தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்தும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தன. நம்மைப் போன்ற குடும்பங்கள் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுக்க இது ஒரு பெரிய காரணம். இந்தச் சலுகையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதும் அவ்வப்போது மாறும். டிக்கெட் போடும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாம் என்றால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. திரும்பி வரும் டிக்கெட் எங்கே, எங்கே தங்கப் போறீங்க, கையில் பணம் எவ்வளவு என்று குடியேற்ற அதிகாரி கேட்கலாம். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் 6 மாதமாவது இருக்க வேண்டும் என்பதிலும் பல நாடுகள் கறாராக இருக்கின்றன.

இப்போது போக்கு என்னவென்றால், கதவைத் திறந்து விடுகிற நாடுகளே, வருகிறவரின் விவரத்தை முன்கூட்டியே போனில் வாங்கிக்கொள்கின்றன. சிங்கப்பூருக்கு 'அரைவல் கார்டு', மலேசியாவுக்கும் அதே மாதிரி ஒன்று, தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து ஒன்று. விமானத்தில் பேனாவை இரவல் வாங்கி நிரப்புவோமே, அந்தச் சீட்டுதான் போனுக்குள் வந்துவிட்டது. போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றுக்கும் ஒரு பைசா கட்டணம் கிடையாது.

இங்கேதான் நம்ம ஆட்கள் மாட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போகிறவர். போனில் தேடினார், முதலில் வந்ததைத் தொட்டார். பெயர், பாஸ்போர்ட் எண், போட்டோ எல்லாம் கொடுத்தார். கடைசியில் 'கட்டணம்' என்று வந்ததும் கார்டு எண்ணையும் போட்டார். 4,000 ரூபாய்க்கு மேல் போனது. வேடிக்கை என்னவென்றால், அரைவல் கார்டு சரியாக வந்துவிட்டது! அந்தத் தளத்துக்காரர்கள் இவர் கொடுத்த விவரத்தை அப்படியே அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் ஏமாந்ததே அவருக்குத் தெரியவில்லை. மகள் சொல்லித்தான் தெரிந்தது. பணம் போனதை விட, பாஸ்போர்ட் விவரமும் கார்டு எண்ணும் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்குக் கவலை.

தேடலில் மேலே வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். சின்ன எழுத்தில் அதையும் எழுதியிருப்பார்கள், நாம் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது தளத்தின் முகவரி எப்படி முடிகிறது என்பதை. சிங்கப்பூர் அரசு என்றால் 'டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி'. மலேசியா 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்'. இலங்கை 'டாட் ஜிஓவி டாட் எல்கே'. தாய்லாந்து மட்டும் கொஞ்சம் வேறு, 'டாட் ஜிஓ டாட் டிஎச்'. நம்ம பாஸ்போர்ட்டுக்கு 'டாட் ஜிஓவி டாட் இன்'. முன்னால் எவ்வளவு அழகான பெயர் இருந்தாலும், முடிவு இப்படி இல்லை என்றால் விரலை எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் பெயரிலேயே போலித் தளங்கள் இருப்பதாக மத்திய அரசு எச்சரித்திருக்கிறது. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம், சாதாரண முறையில், 1,500 ரூபாய். அதற்கு மேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தளம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930க்குப் போன் அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கப்பல் வேலைக்குப் போகிற தம்பிகள் கடைசி நாளில் ஓடாதீர்கள். ஊசி போடாமலே சான்றிதழ் தருகிறேன் என்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். விசா இல்லாமல் போகலாம் என்ற இதே வசதியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நம்ம பிள்ளைகளைக் கூட்டிப் போகிறது. 'பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, மாசம் லட்சம் ரூபாய், டிக்கெட் நாங்களே போடுறோம்.' சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்குவான். அங்கிருந்து காரில் மே சோட் என்ற எல்லை ஊர், ஆற்றைத் தாண்டினால் மியான்மரில் மியாவடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைனில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்வார்கள், மறுத்தால் அடி. கம்போடியா, லாவோஸிலும் இதே கதை. 2022இல் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அந்த அக்டோபரில் மீட்கப்பட்ட நம்ம தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகும் போகிறார்கள்.

சுற்றுலாவாகப் போய் வேலை பார்ப்பது சட்டப்படி முடியாது, எந்த ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைப் போட்டால் உண்டா இல்லையா என்று தெரியும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், அவ்வளவுதான் வாங்கலாம். ஏற்கெனவே யாராவது போய் மாட்டிக்கொண்டிருந்தால், வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டாம். நம்ம மாநிலத்தில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே தனித் துறை இருக்கிறது, அங்கே சொல்லுங்கள்.

ஒரு சின்ன ஆதங்கம். 2019இல் வெளிநாட்டுப் பயணிகள் வருகையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம், 68 லட்சத்துக்கு மேல். ஆனால் வடசென்னைக்கு யார் வந்தார்கள்? 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் நம்ம கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, பக்கத்திலேயே காசிமேடு, வடக்கே திருவொற்றியூர் கோயில். துறைமுகத்தில் இறங்குகிற வெளிநாட்டுக்காரர் மாமல்லபுரத்துக்குப் போகிறார், இந்தப் பக்கம் திரும்புவதில்லை. அது இன்னொரு நாள் பேச்சு.

கேள்வி நேரத்தில் ஒரு தம்பி எழுந்து, "டிக்கெட் வந்தாச்சு சார், பாங்காக் ஏர்போர்ட்ல ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போவாராம். கம்பெனி பேரு அங்க போய்ச் சொல்றாங்களாம்" என்றார். தம்பி, கோபப்படாதீங்க. கூட்டம் முடிஞ்சதும் அந்த டிக்கெட்டையும் ஏஜென்ட் பேரையும் எடுத்துக்கிட்டு இந்த மேஜைக்கு வாங்க. உங்க போன்லயே இ-மைக்ரேட்டைத் திறந்து தேடிப் பார்ப்போம். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.