இல்ல ஒலிப்பதிவும் முன்பெருக்கியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இல்லத்தில் இருந்தவாறே தம் குரலையும் சிந்தசைசர் இசையையும் பதிவு செய்ய விழையும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். "எந்தப் பிரீஆம்ப் வாங்குவது?" என்பதே அவர்தம் முதற் கேள்வி. தமிழில் அதனை முன்பெருக்கி எனலாம்.

அதன் பணி யாது? ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவினதே. தொழில்முறைப் பதிவுக் கருவிகளின் வழக்கமான அளவோ ஏறத்தாழ 1.23 வோல்ட். இவ்விடைவெளியை நிரப்புவதே முன்பெருக்கி. 60 டெசிபெல் பெருக்கம் என்றால் மின்னழுத்தம் 1,000 மடங்காகிறது என்பது பொருள்.

சிந்தசைசர் இவ்வுதவியை நாடுவதன்று. அதன் வெளியீடு முன்னரே 'லைன்' அளவில் உள்ளது. அதனை ஒலிவாங்கிக்குரிய வாயிலில் செலுத்தினால் ஒலி சிதையும். 'லைன்' வாயிலிலேயே இணைத்தல் வேண்டும். இரு புற ஒலி வேண்டுவோர்க்கு அத்தகைய வாயில்கள் இரண்டு தேவை. கம்பி நீண்டு இரைச்சல் எழுமாயின் டி.ஐ. பெட்டி ஒன்று போதும். ஆகவே, முன்பெருக்கியைக் குரலுக்கெனவே தேர்தல் வேண்டும்.

குரலுக்கு நோக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பெருக்கம். ஷூர் எஸ்.எம்.7பி போன்ற டைனமிக் ஒலிவாங்கிக்குக் குறைந்தது 60 டெசிபெல் வேண்டும். இரண்டாவது, கண்டன்சர் ஒலிவாங்கிக்குரிய 48 வோல்ட் மின்சாரம். மூன்றாவது, கருவியின் சொந்த இரைச்சல். 150 ஓம் மின்தடைக்கு இயற்கை விதித்த எல்லை ஏறத்தாழ -131 டி.பி.யு. ஆகும், -128 அளவுடைய கருவி அவ்வெல்லையை நெருங்கி நிற்பதே. அதனினும் மிகுதியாகப் பொருள் செலவிட்டுப் பெறும் அமைதி சிறிதே.

1970-இல் தோன்றிய நீவ் 1073 போன்றவை ஒலிக்குத் தனி நிறம் ஊட்டுவன. அவற்றின் புகழ் தகுதியானதே. எனினும் மாத ஊதியத்தில் வாழும் நமக்கு, கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸினுள் அமைந்த முன்பெருக்கியே தொடக்கத்திற்குப் போதும்.

அன்பர்களே! நம் இல்லங்களில் முதிய தாய்மார் பலர் உளர். அவரவர் ஊர்த் தாலாட்டு அவர்தம் நினைவில் மட்டுமே வாழ்கிறது; அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். அவர்தம் குரலோ மெலிந்தது. பெருக்கத்தை உயர்த்தினால் மின்விசிறியின் ஓசையும் உடன் உயரும். இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் எம்முன்பெருக்கிக்கும் இல்லை. எனவே விசிறியை நிறுத்துங்கள். சன்னலை அடைத்துத் தடித்த திரையிடுங்கள். வாய்க்கு ஒரு சாண் தொலைவில் கண்டன்சர் ஒலிவாங்கியை வையுங்கள். 24 பிட் பதிவில், உச்ச ஒலி -12 டெசிபெலை எட்டினாலே போதும். அதனைப் பின்னர் உயர்த்திக் கொள்ளலாம்.

கருவி அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும். அக்குரல் கிடைக்குமா? உள்ள கருவியைக் கொண்டு இவ்வாண்டே தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!