பௌதிகவியலும் பரீட்சையும்



பௌதிகவியல் கற்பித்தலையும் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தலையும் பற்றிச் சில வார்த்தை பேசும்படி எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. கற்பிப்பது பாடசாலை, பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வது ரியூசன் வகுப்பு என்று பெற்றோரே பேசிக்கொள்கின்றனர். அவ்வாறன்று என்பதை ஒரு நூலையும் ஒரு குண்டையும் கொண்டு காட்ட முயல்வோம்.

க. பொ. த. உயர்தரப் பரீட்சையிலே பௌதிகவியல் முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு வினாக்களை உடையது. நேரம் 2 மணித்தியாலம். வினா ஒன்றுக்கு இரண்டரை நிமிடமுங் கிடையாது. கணிப்பானுக்கும் இடமில்லை. இரண்டாம் பத்திரத்தில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கும் கட்டாயமானவை. இவற்றுக்கு அஞ்சிய மாணவன் பழைய வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி விடைகளை நெட்டுருப் பண்ணுகின்றான். பழைய வினாத்தாள் வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். நேரத்தைப் பகிர்ந்து எழுதப் பழகுவதற்கு அதனிலும் நல்ல சாதனம் இல்லை. ஆனால் செய்முறையைத் தொட்டு ஒரு வினா வந்துவிட்டால் நெட்டுரு கைவிட்டுவிடும்.

எளிய ஊசலை எடுத்துக்கொள்வோம். 1 மீற்றர் நீளமுள்ள ஊசல் ஓர் அலைவை ஏறக்குறைய 2 செக்கனில் முடிக்கும். நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கும் விரல் 0.2 செக்கன் பிந்தவோ முந்தவோ கூடும். ஓர் அலைவை மட்டும் அளந்தால் வழு நூற்றுக்குப் பத்து. 50 அலைவுகளை அளந்தால் நூற்றுக்குக் கால் பங்குமில்லை. ஈர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்கும்போது காலம் வர்க்கிக்கப்படுவதால் அவ்வழு இரட்டிக்கும். பல அலைவுகளை எண்ணுவது ஏன் என்று கேட்டால், ஒருமுறை தன் விரலால் அமுக்கிப் பார்த்தவன் தயங்கான். அலைவுகளை எண்ணுவதற்கான குறியூசியை அந்தத்தில் வையாது நடுவில் வைப்பது ஏன்? அந்தத்திலே குண்டு தயங்கித் திரும்புகின்றது. திரும்பிய கணம் எதுவெனக் கண்ணால் தீர்மானிக்க இயலாது. நடுவிலோ அது மிக விரைந்து செல்வதால் குறியைக் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. மாணவர் பலர் குண்டின் மையம் வரை அளவாது நூலின் நீளத்தை மட்டும் அளந்துவிடுவர். நீளத்துக்கு எதிராக அலைவு காலத்தின் வர்க்கத்தைக் குறித்து வரைபு வரைந்தால் நேர்கோடு வரும். ஆனால் அது உற்பத்தியூடாகச் செல்லாது, சற்று மேலே வெட்டும். படித்திறனோ மாறுவதில்லை. ஆகவே விடை பிழைப்பதில்லை. அந்த வெட்டுத்துண்டிலிருந்து குண்டின் ஆரையைக்கூடக் கணித்துவிடலாம்! நல்ல பரீட்சகர் ஒருவர் விரும்பிக் கேட்கத்தக்க வினா இது. மேசை மேல் அந்தக் கோடு உற்பத்தியை விட்டு விலகக் கண்டவனுக்கு இது வினாவே அன்று.

இனி, எம் மனத்தை உறுத்தும் விடயம். ஊசலாட்டிப் பார்த்த மாணவனுக்கு விடை 10.9 என வருகின்றது. புத்தகத்தில் 9.81 இருக்கின்றது. உடனே அழிறப்பர் வெளிவரும், வாசிப்புகள் "திருந்தும்", செய்முறைக் கொப்பியில் 9.81 அழகாக அமரும், ஆசிரியரும் சரியிட்டுவிடுவார். அந்த 10.9 ஐக் கொண்டுவந்து காட்டியிருந்தால் நாம் கேட்கும் முதற் கேள்வி: "தம்பி, கடிகாரத்தை அமுக்கியபோது பூச்சியம் என்றீரா, ஒன்று என்றீரா?" ஒன்று என்று தொடங்கி இருபது எண்ணினால் நடந்தவை 19 அலைவுகளே. காலம் இருபதில் ஒரு பங்கு குறையும், விடை 10.9 க்கு அண்மையில் ஏறும். பிழையான எண் தன் பிழையின் முகவரியைத் தானே சொல்லுகின்றது. அழித்துவிட்டாலோ ஆசிரியருக்கும் வழியில்லை, மாணவனுக்கும் வழியில்லை.

அந்த 9.81 தானும் எவ்வூர் எண்? இலண்டனுக்கு அது பொருந்தும். நம் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 9.78. பாடசாலை ஊசல் இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவது அரிதுதான். எனினும் 1672 இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ஷான் ரிஷே என்பவர், தம் ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் வரை பிந்துவதைக் கண்டார். கயேனும் நம் நாட்டைப் போல மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள இடம். கடிகாரம் பழுது என்று ஒதுக்காமல் அவர் அதனைக் குறித்து வைத்தார். பூமி நடுவிற் பருத்துள்ளது என்பதற்கு நியூற்றன் 1687 இல் வெளியிட்ட நூலில் அக்குறிப்பைச் சான்றாக எடுத்தாண்டார். ரிஷேயின் கையில் நம் பிள்ளைகளின் அழிறப்பர் இருக்கவில்லை!

சொற்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இப்போது பிள்ளைகள் தமிழகத்து ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துப் படிக்கின்றனர். நல்லதே. ஆனால் அவர்கள் "நிறை" என்பது நாம் "திணிவு" என்பதை. நம் பாடநூலில் "நிறை" என்பதோ அவர்களுடைய "எடை". முடுக்கம், ஆர்முடுகல் என்ற வேறுபாடு தீங்கற்றது, இது அப்படியன்று. கிலோகிராமுக்கும் நியூற்றனுக்கும் இடையே பிள்ளை தடுமாறிப் புள்ளிகளை இழப்பான்.

பெற்றோரே, பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை புள்ளி?" என்று கேட்கின்றீர்கள். இடையிடையே "இன்று எதை அளந்தாய், என்ன வந்தது?" என்றுங் கேளுங்கள். பல மாதங்களாக ஆய்வுகூடக் கதவு திறபடவில்லை என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அதிபரிடம் போய்ப் பேச உங்களுக்கும் ஒரு காரணங் கிடைக்கும்.

அதுவரை சங்கத்தார் ஒன்று செய்யலாம். இம் மண்டபத்தின் பின்னறை சனிக்கிழமை காலைகளில் வெறுமையாகவே கிடக்கின்றது. நூல், ஈயக்குண்டு, மீற்றர்க் கோல், ஒரு தாங்கி. நேரமளக்கக் கைத்தொலைபேசி போதும். முதல் நான்கு வாரமும் ஊசல். அதன்பின் வில்லைகளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு குவிவுவில்லைகளைத் தந்துதவ நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். சேர விரும்பும் மாணவர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்குக. அழிறப்பர் கொண்டுவர வேண்டாம்.